வாசலில் ஒரு பலகை

உள்ளூர் லீகில் ஜெயித்தவர்கள் உலக சாம்பியன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உலகத்தின் எந்த மூலையிலிருந்து எந்த அணி சவால் விட்டு வந்தாலும் ஆடியே தீர வேண்டும். இந்த விதி வந்த வாரமே பெரிய பெரிய அணிகள் எல்லாம் பட்டத்தை அழித்துவிட்டன. ஒட்டன்சத்திரம் கபடி அணியின் தலைவி, என் மனைவி நிறைமதி, 'உலக சாம்பியன்' என்று பலகை எழுதி எங்கள் வாசலில் மாட்டினாள்.

இதுவரை முப்பத்தேழு அணிகள் வந்து தோற்றன. அத்தனை பேருக்கும் டீ போட்டவன் நான்.

நேற்று கென்யா அணி வந்தது. நிறைமதிக்கு முழங்கால் வீங்கியிருந்தது.

"பலகையக் கழட்டிரவா?" என்றேன்.

"உலகம்னு எழுதி வச்சுட்டு வாசலச் சாத்தச் சொல்றீங்களா?"

முப்பதுக்கு முப்பது. கடைசி ரெய்டில் நிறைமதி ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். நடுவர் எங்களுக்குப் புள்ளி கொடுத்தார். நிறைமதி கையை உயர்த்தினாள்.

"சார், தொடுறதுக்கு முன்னாடியே என் கால் கோட்டுக்கு வெளிய போயிருச்சு. நான் அவுட்."

கேமராவுக்கே தெரியாத தப்பு அது. ஒரு புள்ளியில் தோற்றோம்.

பலகையை அவளே கழற்றி, துடைத்து, கென்யத் தலைவியிடம் கொடுத்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்:

"அவங்க அட்ரஸ வாங்கிக்கங்க. அடுத்த மாசம் நாம போய்க் கதவத் தட்டணும். டீ அவங்க போடட்டும்."