கல்லறைத் துளை

கல் சுமந்து வீங்கிய முழங்கால் கிளீட்டோவுக்கு விண்விண்ணென்று தெறிக்கிறது. ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை. ஊரைக் கட்டிய அர்காலோஸின் கல்லறைமேல், கிடாவின் ரத்தத்தை உள்ளே ஊற்றுகிற துளையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிரே பூசாரி தெயோகிட்டோஸ் நிற்கிறார். அவர் பிடியில் கறுப்புக் கிடா கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறது. அவர் கத்தியில் பட்ட வெயில் அவள் கழுத்தில் விழுந்து நடுங்குகிறது. ஒலிவ மர நிழலில் கூட்டம் கத்துகிறது.

“அர்காலோஸ் கடல்சாமி பொசைடன் பெத்த பிள்ளை. கப்பல்ல வந்தாரு,” என்கிறான் மீன்காரன் மிக்கோஸ்.

“போடா உப்புக்கண்டம்! இந்த மண்ணைப் பொளந்துகிட்டு மொளைச்சவரு,” என்கிறான் ஒரு குயவன்.

“மொளைக்க அவரென்ன முள்ளங்கியா?” என்கிறாள் கிளீட்டோ. கூட்டம் சிரிக்கிறது. அவள் சிரிக்கவில்லை. “உங்க ரெண்டு கதையிலயும் அவருக்கு முன்னாடி இங்க ஆளே இல்ல. எங்க மலைச்சனம் இருந்துச்சு. எங்க ராசா பைலாஸ்தான் அவருக்குப் பொண்ணையும் குடுத்து நெலத்தையும் குடுத்தாரு. வருசா வருசம் எங்க ராசா சமாதிக்குத்தான் மொதக் கிடான்னு உங்க அர்காலோஸ் சத்தியம் பண்ணினாரு.”

“எந்திரி தாயி, பொழுது சாயுது. அடுத்த வருசம் பாப்போம்,” என்று பூசாரி கெஞ்சுகிறார்.

“எங்கம்மாகிட்டயும் இதையேதான் சொன்னீங்க சாமி.”

அவள் இன்னும் அழுத்தி உட்காருகிறாள். மலையடியில் பைலாஸின் சமாதி காய்ந்து கிடக்கிறது. அதற்குத் தரவேண்டிய கறுப்புக் கிடாவை இந்த ஊர் ஒருமுறைகூடத் தரவில்லை.