அவருக்காகப் பேசுகிறவள்

கதவுக்கு அந்தப் பக்கம் வேறொரு பெண் அவளுடைய கணவனாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"நான்" என்றாள் அந்தப் பெண், பிரெஞ்சில். பிறகு "என்னை". பிறகு "என் கைகளை".

கணவனின் குரல் வெளியே வரவில்லை. ஒரு முணுமுணுப்பு மட்டும். அது முடிந்ததும் மொழிபெயர்ப்பாளர் நிரோஜினியின் குரல், ஒவ்வொரு சொல்லும் துலக்கமாக.

வெளியே இருந்தவளுக்கு மாலை வகுப்பில் படித்த பிரெஞ்சு. பாதி புரிந்தது. புரிந்ததா, புரிந்ததாக நினைத்துக்கொண்டாளா என்பது அவளுக்கே சந்தேகம்.

கை. கயிறு. தண்ணீர்.

இவை நிச்சயம்.

பாரிஸில் ஒரு வக்கீலின் அலுவலகம். கதவுக்கு வெளியே ஒற்றை நாற்காலி. அகதி மனுவைப் பிரான்சில் மறுத்துவிட்டார்கள். இனி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்தான். ராணுவ முகாமில் கணவருக்கு நடந்ததில் இதுவரை சொல்லாததையும் சொன்னால் ஒரு வாய்ப்பு உண்டு என்றார் வக்கீல். இல்லையென்றால், அந்த முகாம் இருக்கிற நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதல் சந்திப்பில் அவளும் உள்ளே இருந்தாள். "என் மனைவியும் வந்திருக்கிறாள்" என்று நிரோஜினி அவளைக் காட்டி வக்கீலிடம் சொன்னபோது இவள் சிரித்துவிட்டாள்.

"குறை நினையாதேங்கோ அக்கா. அண்ணா 'நான்' எண்டால் நானும் 'நான்' எண்டுதான் சொல்லோணும். மொழிபெயர்ப்பில அப்பிடித்தான்."

"அப்ப இவர் வீட்டில சமைக்கிறேல்லை எண்டதையும் நீர்தான் ஒத்துக்கொள்ளோணும்."

அவள் கணவரும் சிரித்தார் அன்று.

இன்று அவளை வெளியே இருக்கச் சொன்னார்.

குளிர்காலத்தில் அவரால் கைகளைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. அவள்தான் சட்டையை மாட்டிவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இந்த வலி ஏன் என்று கேட்டால் "பழைய நோ" என்பார். அவள் பொத்தான்களைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள்.

அந்தப் பழைய நோவை இப்போது நகப்பூச்சு பூசிய ஒரு பெண் தன் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பொறாமை.

வேறு சொல் இருக்குமா என்று தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. இதற்குக்கூடப் பொறாமைப்படுகிறவள் என்ன மனுஷி? வெட்கமாக இருந்தது.

ஆனாலும் நாற்காலியைக் கதவுப் பக்கம் இழுத்தாள்.

நாற்காலிக் கால் தரையில் கீறிச் சத்தமிட்டது.

உள்ளே முணுமுணுப்பு நின்றுவிட்டது.

 வக்கீல் எதையோ கேட்டார். நிரோஜினி தமிழில் கேட்டாள். 

கதவு திறந்தது. நிரோஜினி வெளியே வந்து, பின்னால் கதவைச் சாத்தினாள். கண் மை கரைந்திருந்தது.

"அக்கா, இனித்தான் முக்கியமான இடம். நீங்கள் இதில இருக்கிறியள் எண்டு அண்ணா வாயே திறக்கிறாரில்லை. கொஞ்ச நேரம் கீழ போய் நிக்கிறியளே?"

"எனக்கு ஏன் ஒளிக்கோணும்? நான் என்ன பிறத்தியே?"

நிரோஜினி தலை குனிந்துகொண்டாள். கரைந்த மையைப் புறங்கையால் துடைத்தாள். மை கையில் அப்பிக்கொண்டது. 

அந்தக் கையை இவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறாமை குறையவில்லை.

எழுந்தாள்.

"இஞ்சேருங்கோ, நான் கடைப் பக்கம் போயிட்டு வாறன்" என்று மூடிய கதவைப் பார்த்து உரக்கச் சொன்னாள்.

லிஃப்ட் திறந்தே நின்றது. அவள் படிகளில் இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் சப்பாத்துக் காலை அழுத்தி வைத்தாள். மேலே கேட்கவேண்டும்.

தெருவில் மழை தூறிக்கொண்டிருந்தது. வக்கீலின் அறை ஜன்னல் தெருவைப் பார்த்திருந்தது. எதிர்ப்பக்கம் கடைகளின் கூரைகளுக்கு அடியில் ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள்.

அவள் ஒதுங்கவில்லை. மேலிருந்து அவர் எட்டிப் பார்த்தால், கீழேதான் நிற்கிறாள் என்று தெரிகிற இடமாகத் தேடி நின்றாள்.

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி.