ஸ்டிக்கர் நம்பர்

"கஸ்டமர் கேருங்களா? ஸ்ரீவில்லிபுத்தூர்ல கதவுப் பட்டறை வச்சிருக்கிற எட்வின் பேசுறேன். உங்க ஷேப்பர் மெஷின்ல மரம் செதுக்குற கட்டர் ஒரே மாசத்துல பல்லு ஒடஞ்சு போச்சு."

"அடடா!" என்று பதறினான் வேல்பாண்டி. "மெஷினை அப்படியே வண்டியில ஏத்தி ராஜபாளையம் கம்பெனிக்குக் கொண்டு வந்துருங்க. புதுசு தாரோம். தரலைன்னா வாசலை விட்டு நகராதீக. மொதலாளி செல் நம்பரும் எழுதிக்கோங்க."

"இம்புட்டு மரியாதையாப் பேசுற கம்பெனிய நான் பாத்ததே இல்ல, அண்ணாச்சி!"

இந்த வாரத்தில் இவர் பதினோராவது ஆள். வேல்பாண்டிக்கு மனசு குளிர்ந்தது.

மறுநாள் காலை கம்பெனி முதலாளியே கூப்பிட்டார். "ஏலே, எங்க ஸ்டிக்கர் நம்பர்ல பேசுற நீ யாருலே? வாசல்ல பதினோரு மெஷின் நிக்குது!"

வேல்பாண்டி எருமையின் மடியிலிருந்து கையை எடுத்தான். சேத்தூரில் பால் கறக்கிறவன் அவன். மெஷினில் ஒட்டும் ஸ்டிக்கரில் கஸ்டமர் கேர் நம்பரின் ஓர் இலக்கத்தைத் தப்பாக அச்சடித்து, அதை அவன் நம்பராக்கி, ஆறு மாதமாக அவன் நிம்மதியைக் கெடுத்தது அந்தக் கம்பெனி. அப்பாவுக்குக் கொள்ளி வைத்த நேரத்தில்கூட, 'கட்டர் எப்ப வரும்?' என்று போன் வந்தது. ஸ்டிக்கரை மாற்றச் சொல்லி ஏழு முறை கெஞ்சியும் ஒரே பதில்தான் கிடைத்தது.

அதையே இப்போது பணிவாகச் சொன்னான்.

"உங்க புகாரைப் பதிவு செஞ்சுட்டோம் சார். காத்திருங்க."