திருப்பி அனுப்பிய பில்

ஓர் அறையில் தொடங்கிய கம்பெனி இரண்டே வருஷத்தில் நாலு மாடிக்குப் பரவிவிட்டது. வரும் பில்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்பும் கணக்கருக்கு மட்டும் அதே ஒற்றை மேசைதான்.

"புது பிராஞ்சுக்குப் பணம் வேணும். இந்த மாசம் எல்லாப் பில்லையும் தள்ளிப் போடுங்க," என்றார் மேனேஜர்.

"காரணம் கேட்பாங்களே சார்?"

"ஏதாவது குறை கண்டுபிடிங்க. அதுக்குத்தானே உங்களை வெச்சிருக்கோம்!"

கணக்கருக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் எழுபது பில்களில், யார் அனுப்பியது என்றுகூடப் பார்க்காமல், 'ஆர்டர் நம்பர் தெளிவாக இல்லை' என்று கிறுக்கித் திருப்பி அனுப்பினார். அதிலிருந்து போன் ஓயாமல் அலறியது. எடுக்கப் பயந்து, குட்டி போட்ட பூனை மாதிரி வராந்தாவில் நடந்தார்.

அடுத்த மாசம் ஒன்றாம் தேதி மனைவி கூப்பிட்டாள். "என்னங்க, சம்பளம் இன்னும் ஏறலையே? பெரியவளுக்கு ஃபீஸ் கட்ட இன்னைக்குத்தான் கடைசி நாள்!"

பதறிப்போய், தன்னை இந்தக் கம்பெனிக்குக் காண்ட்ராக்டில் வேலைக்கு அனுப்பியிருந்த ஏஜென்சிக்கு போன் போட்டார்.

"அந்தக் கம்பெனி எங்களுக்குக் கொடுத்தாத்தானே சார், நாங்க உங்களுக்குச் சம்பளம் போட முடியும்? எங்க பில்லைத் திருப்பி அனுப்பிட்டாங்க," என்றாள் அங்கிருந்த பெண். "ஆர்டர் நம்பர் தெளிவா இல்லையாம். எவனோ கிறுக்கியிருக்கான். நீங்க அங்கேதானே இருக்கீங்க, அவன் யாருன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்களேன்!"