பாதி பிஸ்கட்

எல்கடுவ தேயிலைத் தோட்டத்தின் லய வீடுகளில் இரண்டு நாய்களைச் சிறுத்தை தூக்கிவிட்டது. அதனால் ஒருமுறை கூப்பிட்டதுமே ஓடிவரும்படி தங்கள் நாய் சூட்டியைப் பழக்கினார்கள் தர்சிகாவும் அவள் அண்ணனும். ஆளுக்கொரு பக்கம் நின்று மாறிமாறிக் கூப்பிடுவார்கள். ஓடிவந்தால் பாதி பிஸ்கட்.

அண்ணன் கொழும்புக்கு வேலைக்குப் போன மூன்றாம் நாள் இரவு, போர்வைக்குள்ளிருந்து போனில் கிசுகிசுத்தாள்.

"அண்ணே, எங்கிட்ட பிஸ்கட் முடிஞ்சிருச்சு. ஆனா சூட்டி தேயிலைக்குள்ள ஓடிஓடித் திரும்பி வருது. ஒவ்வொரு தடவையும் மூஞ்சியில பிஸ்கட் தூளு."

"ஒன்னவிட வசதியான ஆளப் புடிச்சிருச்சு போலடி. இப்ப எங்க?"

"காலடியில. கதவு பூட்டித்தான் இருக்கு."

அண்ணன் போனில் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, வாசலுக்கு வெளியே அவன் குரல் ஒரே ஒருமுறை கூப்பிட்டது.

"சூட்டி, வா!"

பழக்கியபடியே சூட்டி எழுந்தது. கதவருகே போய் நின்று, திறக்கச் சொல்லி அவளைப் பார்த்தது.