பொம்மையின் இடது கண்

பார்வையில்லாத ஏழு பெண்கள் தைக்கும் துணிப்பொம்மைகளை விற்றுத்தான் அமராவதி அவர்களுக்குக் கூலி கொடுத்து வந்தாள். “இப்பல்லாம் கண்ணு ரெண்டும் நேரா இருக்கு. மெஷின்ல தச்சதுன்னு சொல்லி ஒருத்தரும் வாங்க மாட்டேங்குறாங்க” என்று கடைக்காரர் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார். பொம்மைகள் இன்னொரு முறை திரும்பி வந்தால் தையல் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான். கடைசியில் அமராவதி, தைப்பவர்களில் ஒருத்தியான செங்கொடியிடம் கேட்டே விட்டாள். “ஒரு கண்ணக் கொஞ்சம் கீழ இறக்கித் தைக்கிறியாம்மா?”

“கோணலா இருந்தாத்தான் நாங்க தச்சதுன்னு நம்புவாங்களாக்கா?” செங்கொடி சிரித்தாள். “எவ்வளவு கீழ?”

செங்கொடி கைநீட்டி அமராவதியின் முகத்தைத் தேடிப் பிடித்து, இரண்டு கண்களையும் தடவி அளந்தாள். பிறகு இடது இமையில் இருந்த விரலை மெல்லக் கன்னத்துக்கு இறக்கினாள்.

“இங்கயா?”

“இன்னும் கொஞ்சம்” என்றாள் அமராவதி.