அம்மிணிக்குப் பிலாவிலை

“எனக்க ஆட்டைப் புலிக்கு எரையாக் கெட்டக் குடுத்தது நீங்கதானே? நீங்க ஒரு…”

“ஏட்டி, வனத்துறைக்காரன் கேட்டான், குடுத்தேன். ஆட்டுக்கும் புலிக்கும் நடுவுல கம்பி உண்டுண்ணு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லியா?”

“கம்பியாம் கம்பி! அம்மிணி மே மேண்ணு கரைஞ்ச கரைச்சலு எனக்கல்லா தெரியும்.”

ரப்பர் தோட்டத்தில் வெயில் இறங்கிவிட்டது. லில்லிபாயும் கணவர் தங்கையனும் இன்னும் சண்டையை விடவில்லை.

“அதுக்காக அவுத்து விடுவியா?”

“அவுத்தேன், ஓடிச்சு. அதைப் பிடிக்கப் பாஞ்சு வந்து பலகையில மிதிச்சது ஆரு?”

தங்கையன் திரும்பி, பலகையை மிதித்ததும் விழுந்த புலிக்கூண்டின் இரும்புக் கதவை இன்னொரு முறை தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. கூண்டைத் திறக்க ஆள் காலையில்தான் வரும். ஃபோன் இரண்டும் வீட்டில் கிடந்தன.

“போட்டும். இதுக்குள்ள நம்மளப் புலி தொடாது” என்றார்.

வெளியே நின்ற அம்மிணி கம்பி வழியாக மூக்கை நீட்டி, லில்லிபாய் கையிலிருந்த பிலாவிலையைத் தேடியது. மேட்டுப்பக்கம் ஏதோ உறுமியது.

லில்லிபாய் இலையைச் சேலைக்குள் ஒளித்தாள்.

“எனக்கப் பொன்னு மக்கா, எங்கிட்ட இலை இல்ல. வீட்டுக்கு ஓடு.”